ஞாயிற்றுக்கிழமை வராத கசிவு

“ஸ்டெல்லா ஆரோக்கியசாமி, முதுநிலை ஆற்றல் சொத்து நுண்ணறிவு வல்லுநர். களப் பயணமோ மனிதத் தலையீடோ இன்றி, தரவை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு முடிவெடுக்கும் அமைதியான ஆளுமை. பட்டான்செரு மருந்து ஆலை ஒன்றில் நிலவிய சிக்கலான வெப்ப-காற்றழுத்த முரண்பாட்டைத் தொலைவிலிருந்தே கண்டறிந்து தீர்த்தமைக்காக இவ்விருது வழங்கப்படுகிறது.”

ஐதராபாத் மாதாப்பூரில் ஒரு நட்சத்திர ஓட்டலின் கூடத்தில் அறிவிப்பாளர் இதைப் படித்தபோது, மேடையில் நின்ற ஸ்டெல்லா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்ற சந்தேகம்தான். ‘அமைதியான ஆளுமை’ என்ற இடத்தில், கீழே மூன்றாவது வரிசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா ஆரோக்கியசாமிக்குப் புரையேறியது. பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மகளைப் பற்றிய பெருமையில் பெரியவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஆரோக்கியசாமியின் குடும்பம் ரயில்வே பட்டறை வேலைக்காக அரக்கோணம் பக்கமிருந்து லாலாகுடாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அவர்கள் தமிழுக்குள் தெலுங்கும் தக்காணி உருதுவும் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டன. ‘வேண்டாம்’ என்பதற்கு அந்த வீட்டில் ‘நக்கோ’. ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’. இந்த மூன்று மொழியிலும் ஸ்டெல்லா பேசுவாள், பேசிக்கொண்டே இருப்பாள். தேவாலயத்தில் பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் மற்றவர்கள் தூங்குவார்கள், ஸ்டெல்லா மட்டும் பொறாமைப்படுவாள் என்பது அந்தக் காலனியில் வழங்கும் கதை.

இப்படிப்பட்டவள் ஆறு வருஷம் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில், கோபமாக இருப்பவர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை பார்த்ததில் ஆச்சரியமில்லை. அந்த வேலை சலித்து, அமீர்பேட்டில் மெட்ரோ தூணில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்து மாடியேறிப் போய்த் தரவுப் பகுப்பாய்வு படித்ததுதான் ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம், படித்து முடித்ததும் வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஐதராபாத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில் பாய்லர், கம்ப்ரஸர், டிரான்ஸ்ஃபார்மர் என்று மின்சாரமும் எரிபொருளும் தின்கிற எல்லா இயந்திரத்திலும் நிறுவனம் சென்ஸர் பொருத்தியிருக்கும். அவை அனுப்பும் எண்கள் மாதாப்பூர் அலுவலகத்தில் சுவரளவு திரையில் ஓடும். ஒழுங்காக வேலை செய்யும் இயந்திரம் பச்சை, வீணாகத் தின்னும் இயந்திரம் சிவப்பு. சிவப்பு விழுந்தால் சிஸ்டமே ஆலைக்குச் செய்தி அனுப்பிவிடும். திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம். “எங்களிடமிருந்து உங்களுக்கு ஒரு ஃபோன்கூட வராது” என்பது நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த மாபெரும் வாக்குறுதி.

அதை ஸ்டெல்லா சேர்ந்த முதல் வாரத்திலேயே உடைத்தாள்.

“ஏனுங்க ஸ்டெல்லா,” என்றார் அவளுடைய மேலாளர் ஜெகதீஸ்வரன். கோயம்புத்தூர்க்காரர், கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஒரு படி கூடும். “சிஸ்டமே மெசேஜ் அனுப்பிருமுங்க. நீங்க எதுக்குங்க போன் பண்றீங்க?”

“சிஸ்டம் ‘சாப்டீங்களா’ன்னு கேக்காது சார்.”

“பாய்லர்காரர் சாப்பிட்டா நமக்கென்னங்க, சாப்பிடாட்டி நமக்கென்னங்க?”

“ஹவ் சார், அதான் நானும் கேட்டேன். ரெண்டு மணி ஆகியும் சாப்பிடலையாம். பாய்லர்ல போடற கட்டை மழையில நனஞ்சுடுச்சாம், பக்கத்துலேயே நின்னுக்கிட்டிருக்காராம். அதனாலதான் சார் திரையில சிவப்பு.”

ஜெகதீஸ்வரன் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மென்பொருள் அந்தச் சிவப்புக்கு ‘எரிதிறன் சரிவு, காரணம் ஆராயப்படுகிறது’ என்று எழுதிவிட்டு இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர் கெட்டிக்காரர். அந்த மென்பொருளில் பாதி அவரே எழுதியது. ஆனால் எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மனிதரிடம் ஃபோன் போட்டுப் பேசுவது தோல்வி மாதிரி தோன்றும், அவருக்கும் தோன்றியது.

ஸ்டெல்லாவின் சோதனைக் காலம் ஜனவரியோடு முடிவதாக இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஜெகதீஸ்வரன் அவளைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு சிவப்பைக் காட்டினார். பட்டான்செரு மருந்து ஆலை, அழுத்தக் காற்று. ஏப்ரலிலிருந்து அணையாத சிவப்பு.

“இதை அணைச்சீங்கன்னா வேலை நிரந்தரமுங்க. இல்லீன்னா…” என்று இழுத்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது. “மேல ஒத்துக்க மாட்டாங்க. அந்த ஆலைக்காரரு நம்ம சென்ஸரையெல்லாம் கழட்டி வாங்கிட்டுப் போகச் சொல்றாருங்க.”

இல்லையென்றால் மறுபடியும் ஹெட்ஃபோன், மறுபடியும் கோபக்காரர்கள். ஸ்டெல்லாவுக்குப் பேசப் பிடிக்கும்தான். திட்டு வாங்குவதற்கு மட்டுமே பேசுவது பிடிக்காது.

சிக்கல் எளிமையானது. காற்று இலவசம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது; கம்ப்ரஸரில் அழுத்திக் குழாயில் விட்டால் அது ஆலையின் விலையுயர்ந்த சரக்குகளில் ஒன்று. பட்டான்செரு ஆலையில் வால்வுகளும் மாத்திரை அடைக்கும் இயந்திரங்களும் அந்தக் காற்றில்தான் ஓடின. இரண்டு கம்ப்ரஸர் போதும். ஆனால் தினமும் மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு எங்கோ காற்று கசிந்து அழுத்தம் விழும். உடனே, அவசரத்துக்கென்று வைத்திருந்த மூன்றாவது கம்ப்ரஸர் விழித்துக்கொண்டு உறுமும். அது உறுமிய அரைமணி நேரத்தில் ஆலையின் மின்தேவை அனுமதித்த அளவைத் தாண்டும். மாதம் பிறந்தால் மின்வாரியத்திடமிருந்து அபராதம். அப்புறம் கசிவு தானாகவே நின்றுவிடும். மறுநாள் மறுபடியும்.

ஜெகதீஸ்வரன் மே மாதமே காரணம் கண்டுபிடித்திருந்தார். மத்தியானம் வெயில் உச்சம். கூரைமேல் போகும் குழாய் சூட்டில் விரிகிறது. இணைப்புகள் வாய் பிளக்கின்றன. அழகான விளக்கம். வெப்பநிலைக் கோட்டையும் கசிவுக் கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஆலையில் இணைப்புகளையெல்லாம் மாற்றினார்கள், குழாய்க்கு வெள்ளையடித்தார்கள். கசிவு அசையவில்லை. அப்புறம் டிசம்பர் வந்தது. ஐதராபாத்தில் எல்லாரும் ஸ்வெட்டர் எடுத்தார்கள். குறைந்திருக்க வேண்டிய கசிவு கூடியது. வெயிலில் விரிந்து கசிந்த குழாய் இப்போது குளிரில் சுருங்கிக் கசிகிறது என்று ஜெகதீஸ்வரன் விளக்கத்தைத் திருத்தினார். குழாய் என்ன செய்தாலும் கசிந்தாக வேண்டும் என்று அதன் தலையில் எழுதியிருந்தது.

ஸ்டெல்லா அந்தக் கோடுகளை இரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஜெகதீஸ்வரனின் அறைக் கதவில் எட்டிப் பார்த்தாள்.

“சார், இந்தக் கசிவு ஞாயித்துக்கிழமை வரதில்ல.”

“அன்னிக்கு உற்பத்தி கம்மிங்க. அழுத்தமும் கம்மி.”

“தசராவுக்கும் வரல. பதுக்கம்மா பண்டிகைக்கும் வரல. அன்னிக்கெல்லாம் பாதி ஆலை ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. குழாய் எதாவது லீவு எடுக்குமா சார்? பதுக்கம்மாவுக்கு லீவு கேக்கறது பொம்பளைங்க.”

ஜெகதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க என்னதாங்க சொல்ல வரீங்க?”

“தெரியல சார். போய்ப் பாத்துட்டு வரேன்.”

“நம்ம கம்பெனி கொள்கைப்படி நாம ஆலைக்குப் போறதில்லீங்க.”

“நம்மன்னா நக்கோ சார். நான் மட்டும் போறேன்.”

மியாபூர் வரை மெட்ரோ. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேருக்கு எந்த ஆலை, ஒருத்திக்கு எத்தனை குழந்தை என்பதெல்லாம் பட்டான்செரு வருவதற்குள் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. மடியில் பெரிய துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வைத்திருந்தாள். மனிதக் காதுக்கு எட்டாத காற்றின் சீறலைக் கேட்டுக் கசிவு எந்தப் பக்கம் என்று காட்டும் கருவி. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு அவளிடம் சில்லறை பாக்கி வைக்காமல் கொடுத்தார்.

ஆலையில் காற்றுக்கும் நீராவிக்கும் பொறுப்பு பாபு என்ற பொறியாளர். உள்ளூர்க்காரர். ஏப்ரலிலிருந்து அந்தக் கசிவைத் தேடித் தேடி இளைத்திருந்தார். கருவியை வாங்கிப் பார்த்ததும், “இதோட எத்தனை தடவை கூரை மேல ஏறினேன் தெரியுமா மேடம்? பூனைகூட எனக்கு வணக்கம் சொல்லுது” என்று தெலுங்கில் சொன்னார்.

“எல்லா இடமும் பாத்துட்டீங்களா?”

“ஆலை பூரா. ஒரு மூலை விடலை.”

இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் முடியும் மணி அடித்தது. சற்று நேரத்தில் மூன்றாவது கம்ப்ரஸர் உறுமியது. பாபு பழக்க தோஷத்தில் கூரை ஏணியை நோக்கி ஓடினார். ஸ்டெல்லா கருவியைத் தோளில் ஏந்தி, அது காட்டிய பக்கம் நடந்தாள். பேக்கிங் பிரிவைத் தாண்டி, ஒரு தாழ்வாரத்தில் திரும்பி, ஒரு மூடிய கதவுக்கு முன்னால் வந்ததும் கருவியின் முள் கடைசிவரை போய் நின்றது. திரும்பிப் பார்த்தால், ஏணியை விட்டுவிட்டுப் பின்தொடர்ந்து வந்த பாபு பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டிருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாபுகாரு, இந்த ரூம் பாத்தீங்களா?”

“ஐயோ மேடம்! அது லேடீஸ் டிரெஸ் மாத்தற ரூம்.”

கசிவு தேடிய பாபுவின் ஆட்கள் பத்துப் பேரும் ஆண்கள், மரியாதை தெரிந்தவர்கள். ஆலை பூராவும் என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. அவரைப் பொறுத்தவரை அந்த அறை ஆலையில் இல்லை.

ஸ்டெல்லா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே புயல். பதினைந்து இருபது பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வரிசையாக நின்றார்கள். சுவரிலிருந்து தொங்கிய நான்கு காற்றுக் குழாய்கள் சீறிக்கொண்டிருந்தன. மேலங்கியில் ஒட்டிய மருந்துத் தூளை ஊதித் தள்ளுவதற்காக ஆலை வைத்த குழாய்கள் அவை. இப்போது அவற்றின் முன்னால் கூந்தல்கள் கொடிக்கம்பத்துத் துணிபோலப் படபடத்தன. ‘காற்றை உடம்பின்மீது பாய்ச்சாதீர்’ என்று சுவரில் மூன்று மொழியில் ஒரு பலகை. அந்தப் பலகையின் ஆணியில்தான் சீப்பு தொங்கியது.

ஸ்டெல்லாவின் தோளிலிருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் சீறல் ஒவ்வொன்றாக நின்றது.

“இன்னாக்கா, ஷூட்டிங்கா?” என்றாள் ஒருத்தி. கையிலிருந்த குழாயை மட்டும் அவள் விடவில்லை. பெயர் காஞ்சனா, ஆம்பூர்ப் பக்கம். கணவனோடு பட்டான்செரு வந்து நாலு வருஷம். முடி முழங்காலைத் தொட்டது.

“நான் மாதாப்பூர்ல திரை பாக்கறவ. உங்க காத்தாலதான்மா எங்களுக்கு ஏப்ரல்லேருந்து சிவப்பு.”

“காத்துக்குக் காசாக்கா? அது சும்மா வர்றதுதானே?”

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கம் சொன்னார்கள். அந்தப் பிரிவின் மருந்துத் தூள் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஆகவே தலையோடு குளித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்பது ஆலையின் விதி, ஏப்ரலில் வந்தது. குளித்து முடித்தால் கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பிவிடும். ஈரத் தலையோடு ஜன்னல் காற்றில் போனால் தலைவலி, சளி. வெயில் காலத்தில் பரவாயில்லை. இந்தக் குளிரில் முடி காயவே மாட்டேன் என்கிறது.

டிசம்பரில் கசிவு ஏன் கூடியது என்பதற்கு ஸ்டெல்லா கேட்ட விளக்கங்களில் இதுதான் முதல் தடவையாகப் புரிந்தது.

“நீயும் உக்காருக்கா. ஆட்டோ தூசு அப்படியே ஒட்டிக்கினு இருக்குது, ஒரே ஊது” என்றாள் காஞ்சனா. வேண்டாம் என்று சொல்லத்தான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். அதற்குள் ஊதியாகிவிட்டது. உச்சந்தலையில் குளிர்ந்த காற்று பாய்ந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. அந்தச் சுகத்தின் நடுவில் ஃபோன் அடித்தது.

“ஸ்டெல்லா! கசிவு இப்ப நின்னு மறுபடி ஆரம்பிச்சுதுங்க! எங்கீங்க இருக்கீங்க நீங்க?”

“பக்கத்துலதான் இருக்கேன் சார்.”

ஸ்டெல்லா ஃபோனை வைத்தாள். காஞ்சனா குழாயை மெல்ல ஆணியில் மாட்டினாள்.

“பேரு எழுதிக்குவியாக்கா?”

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. காற்றை வீணாக்குகிறவர் பிடிபட்டால் கேட் பாஸ் பறிக்கப்படும் என்று ஆலை மேலாளர் பக்தவத்சலம் அறிவிப்பு ஒட்டியிருந்தார். இவர்கள் எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாஸ் போனால் வேலையும் போனது. ஸ்டெல்லாவோ காரணத்தைச் சொல்லியாக வேண்டும்; சொன்னால் பக்தவத்சலம் ஆளையும் கேட்பார். பாபுவிடம் சொல்லி வால்வை மூடச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பச்சையாகிவிடும். அவள் வேலையும் நிரந்தரமாகிவிடும். இவர்கள் நாளையிலிருந்து ஈரத் தலையோடு பஸ் ஏறுவார்கள்.

“எழுத மாட்டேன். ஆனா இந்தக் காத்து நக்கோ. காதுக்குள்ள போச்சுன்னா செவிடாயிடுவே. வேற வழி பண்றேன்.”

“இன்னா வழி?”

“பேசிப் பாக்கறேன்.”

அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பக்தவத்சலம் காஞ்சிபுரத்துக்காரர். கண்டிப்பானவர், ஐதராபாத்தில் பல வருஷமாகக் கண்டிப்பாக இருப்பவர். அவர் தலையில் கூந்தல் பிரச்சினை முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஸ்டெல்லா அதைப் பார்க்காமல் பேச முயன்றாள்.

“சார், கசிவு கிடைச்சுது. தலை காய வைக்கறாங்க.”

“யாரு?”

“எல்லாரும்.”

“பேரு சொல்லும்மா.”

“எங்க சென்ஸருக்கு ஆள் தெரியாது சார், காத்துதான் தெரியும்.”

“நீ கண்ணால பாத்தியே!”

“ஹவ் சார். பூரா பேக்கிங் செக்‌ஷனும். எல்லாரையும் அனுப்பிட்டா மாத்திரையை நீங்களும் நானும் பாபுவும்தான் பேக் பண்ணணும். பாபு அந்த ரூம் பக்கமே வர மாட்டார்.”

பக்தவத்சலம் சிரிப்பதா கோபப்படுவதா என்று தீர்மானிக்க நேரம் எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் ஸ்டெல்லா புகுந்தாள்.

“குளிச்சுட்டுத்தான் போகணும்னு ரூல் போட்டது நீங்க. நல்ல ரூல். காய வைக்க வழி சொல்லல. மூணாவது கம்ப்ரஸர் ஒரு மத்தியானம் திங்கற கரண்ட்ல கால்வாசிகூட வேணாம் சார், ஓட்டல் பாத்ரூம்ல சுவத்துல மாட்டியிருப்பாங்களே, அந்த மாதிரி ஹேர் டிரையர் ஆறு மாட்டினா போதும். கம்ப்ரஸர் தூங்கும், அபராதம் வராது. காத்துக் குழாயைத் துணிக்கு மட்டும் வர்ற மாதிரி பாபு பூட்டு போட்டுடுவார்.”

“தலை காய அவ்வளவு நேரமா ஆகும்?” என்று கேட்ட பக்தவத்சலத்தின் கை தன்னையறியாமல் உச்சந்தலையைத் தடவியது.

“சிலருக்கு ஆகும் சார்” என்றாள் ஸ்டெல்லா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் சிரித்துவிட்டார். கண்டிப்பானவர்கள் சிரித்தால் பிறகு காரியம் நடந்துவிடும். சிரித்ததை ஈடுகட்ட உடனே கையெழுத்துப் போடுவார்கள். கேட் பாஸ் அறிவிப்பும் சுவரிலிருந்து இறங்கியது.

சங்கராந்திக்கு முன்னால் டிரையர்கள் வந்தன. அவற்றை மாட்ட பாபுவின் ஆட்கள் போக மறுத்ததால், அறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலிசெய்து, கதவில் ஸ்டெல்லாவைக் காவல் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போய் மாட்டினார்கள். ஆறில் ஒன்று சற்றுச் சாய்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். திங்கட்கிழமை இரண்டு மணிக்கு மாதாப்பூரில் ஜெகதீஸ்வரன் திரைமுன் நின்றார். இரண்டே கால் ஆயிற்று. பட்டான்செரு பச்சையாகவே இருந்தது. மூன்றாவது கம்ப்ரஸர் தூங்கியது. சிஸ்டம் மட்டும் ஒரு சிறு சந்தேகத்தைக் கிளப்பியது: ‘பேக்கிங் பிரிவு அருகே அடையாளம் தெரியாத புதிய மின்சுமை.’

“இது என்னங்க?”

“அது காஞ்சனா சார்” என்றாள் ஸ்டெல்லா.

ஜெகதீஸ்வரன் முழுக் கதையையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். தன் வெப்பநிலைக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார். அவர் நல்ல மனிதர். அன்றைக்கே அவளுடைய வேலை நிரந்தர ஆணையில் கையெழுத்திட்டார். விருதுக்கு அவள் பெயரை அனுப்பியதும் அவர்தான். ஆனால் ‘தலைமுடி’ என்ற சொல்லை ஒரு தொழில்நுட்ப விருதுக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுதியதை மேலிடத்தில் இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். ‘ஃபோன்கூட வராது’ என்ற வாக்குறுதியும் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது.

விருதை ஆரோக்கியசாமி லாலாகுடா வீட்டின் முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே மாட்டினார். வருகிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, “இது என்ன, சாமி, உங்க பொண்ணு என்ன பண்ணுச்சு?” என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் அவர் பட்டறை அனுபவத்தை வைத்து ஏதோ அழுத்தம், வால்வு என்று சமாளித்துப் பார்த்தார். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறார்.

பட்டான்செருவுக்கு ஷேர் ஆட்டோவில் போய், பெண்கள் உடை மாற்றும் அறையின் கதவைத் தட்டி, உள்ளே இருந்தவர்களிடம் பேசி, யார் பெயரையும் சொல்லாமல் ஆறு ஹேர் டிரையர் மாட்ட வைத்தாள்.